பழி யாருக்காக?

ஜெபர்சன் ஹோப், தான் கொன்றவனின் பிணம் கிடக்கும் வீட்டுக்கே திரும்பி வருகிறான். இருபது வருஷம் ஊர் ஊராக, தேசம் தேசமாகத் துரத்தி வந்து, அன்று இரவுதான் முதல் ஆளை முடித்திருக்கிறான். லண்டனில் குதிரைவண்டி ஓட்டுகிறவன் அவன். வண்டிக்காரன் முகத்தை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. அப்படியே போயிருந்தால் போயிருக்கலாம். பாதி வழியில் சட்டைப்பையைத் தடவிப் பார்க்கிறான், மோதிரத்தைக் காணவில்லை. உடனே வண்டியைத் திருப்புகிறான். அந்த வீட்டிலிருந்து போலீஸ்காரர் ஒருவர் வெளியே வருகிறார். நிற்கக்கூட முடியாத குடிகாரனாக நடித்து, மோதிரம் கிடைக்காமலேயே நழுவுகிறான்.

அது லூசி ஃபெரியரின் கை மோதிரம். அவன் மணந்துகொள்ள இருந்த பெண். அவளுடைய வளர்ப்புத் தந்தையைக் கொன்றுவிட்டு, அவளை வேறொருவனுக்குக் கட்டாயமாக மணமுடித்து வைத்தார்கள். ஒரு மாதத்துக்குள் அவள் வாடிச் செத்துப்போனாள். அவளுடைய உயிரற்ற விரலிலிருந்து ஹோப் கழற்றிக்கொண்டு வந்தது அது. இருபது வருஷமாக உயிரைக் காத்துக்கொண்டது பழிவாங்குவதற்காக; அந்த உயிரையே பணயம் வைக்கத் துணிவது மோதிரத்துக்காக.

கோனன் டாயில் எழுதி 1887இல் வெளியான ‘எ ஸ்டடி இன் ஸ்கார்லெட்’ நாவலில் வரும் காட்சி இது. துப்பறிவாளர் ஷெர்லக் ஹோம்ஸ் தோன்றும் முதல் நாவல். அதன் இரண்டாம் பாதி திடீரென்று அமெரிக்காவின் மேற்குப் பாலைவனத்துக்குப் போய்விடும். ஹோம்ஸ் அங்கே இல்லை என்பதால் பலர் அந்தப் பக்கங்களைப் புரட்டித் தள்ளிவிடுகிறார்கள். மார்மன்கள் என்ற மதப் பிரிவினரைக் கோனன் டாயில் அங்கே சித்தரித்திருக்கும் விதம் நியாயமானதல்ல, அதையும் சொல்லிவிட வேண்டும். ஆனாலும் அந்தப் பாதி இல்லாவிட்டால் எனக்கு அந்த நாவலே இல்லை. லூசி அங்கேதான் இருக்கிறாள். தாகத்தில் சாகக் கிடந்த சிறுமியாக வருகிறாள், வளர்கிறாள், குதிரை ஓட்டுகிறாள், காதலிக்கிறாள். அவளைப் பார்த்துப் பழகிய பிறகுதான் அந்த மோதிரத்துக்குக் கனம் வருகிறது.

பழிவாங்கும் குற்றக் கதைகளை நான் பல வருஷமாகப் படித்து வருகிறேன். ஆரம்பத்தில் துரத்தலுக்காகத்தான் படித்தேன். இப்போது ஒரு புத்தகத்தை எடுத்தால் வேறொன்றைத் தேடுகிறேன். பழி யாருக்காக வாங்கப்படுகிறதோ, அந்த ஆள் கதையில் எவ்வளவு தூரம் உயிரோடு இருக்கிறார்? செத்தவர் வெறும் காரணமாக நிற்கிறாரா, மனிதராக இருக்கிறாரா? இதை வைத்துத்தான் இந்த வகை நாவல்களை எடைபோட வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். கொலைத்திட்டம் எவ்வளவு நுட்பமானது, கடைசித் திருப்பம் எப்படி என்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான். (முடிவுகளைத் தொடாமல் இதைப் பேச முடியாது. ஒன்றிரண்டு இடங்களில் தவிர, முடிவைச் சொல்லியே போகப்போகிறேன்.)

குற்றக் கதைக்கும் பழிக்கும் ஏன் இவ்வளவு நெருக்கம் என்பதை முதலில் பார்த்துவிடலாம். 1928இல் எஸ்.எஸ். வான் டைன் என்ற அமெரிக்க எழுத்தாளர் துப்பறியும் கதைகளுக்கு இருபது விதிகள் வகுத்தார். கொலைக்கான காரணம் தனிப்பட்டதாகவே இருக்க வேண்டும், அரசியல் சதி, உளவு வேலையெல்லாம் வேறு வகைக் கதைகளுக்கு உரியவை என்பது அவற்றில் ஒன்று. பழியைவிடத் தனிப்பட்ட காரணம் ஏது? அதோடு, எழுதுகிறவனுக்கு அதில் பெரிய வசதி ஒன்று இருக்கிறது. சொத்துக்காகக் கொலை நடந்தால் போலீஸ் நேரே உயிலைப் பார்க்கும். செத்தவரால் யாருக்கு லாபம் என்று கணக்குப் போட்டால் பாதி வேலை முடிந்தது. வஞ்சத்துக்கு அப்படி எந்தக் காகிதமும் இல்லை. கொன்றவனுக்கும் செத்தவனுக்கும் மேலோட்டமாக ஒரு தொடர்பும் தெரியாது. பெயரை மாற்றிக்கொண்டு வந்திருப்பான், வேறு ஊரில், வேறு வேலையில் இருப்பான். விசாரிப்பவர் பத்திருபது வருஷம் பின்னால் போனால்தான் முடிச்சு தெரியும். ஆக ஒரே நாவலுக்குள் இரண்டு கதைகள் கிடைத்துவிடுகின்றன: இப்போது நடந்த கொலை, அதற்கு அடியில் புதைந்து கிடக்கும் பழைய அநியாயம். இப்போது செத்துக் கிடப்பவன் அந்தப் பழைய கதையில் குற்றவாளியாக இருப்பான். யார் பக்கம் நிற்பது என்று வாசகன் தடுமாறத் தொடங்குவது அங்கேதான்.

பழிவாங்குகிறவன் எப்போதும் சட்டம் கைவிட்ட இடத்தில்தான் முளைக்கிறான். போலீஸும் நீதிமன்றமும் ஒழுங்காக வேலை செய்திருந்தால் அந்தக் கதையே இல்லை. அதனால் ஒவ்வொரு பழிக் கதைக்குள்ளும் தன் காலத்துச் சட்டத்தின் மீதான ஒரு புகார் மனு இருக்கிறது.

அலெக்சாந்தர் துமாவின் ‘மாண்ட் கிறிஸ்டோ பிரபு’ 1844 முதல் 1846 வரை பிரெஞ்சுப் பத்திரிகையில் தொடராக வந்தது. அதற்கு விதை போலீஸ் ஆவணங்களிலிருந்து கிடைத்தது. பாரிஸ் போலீசின் ஆவணக் காப்பாளராக இருந்த ழாக் பெஷே எழுதிவைத்துப் போன கதைகளில் பிரான்சுவா பிக்கோ என்ற செருப்புத் தொழிலாளியின் கதை ஒன்று உண்டு. 1807இல் அவனுக்கு வசதியான இடத்தில் கல்யாணம் நிச்சயமாகிறது. பொறாமைப்பட்ட நண்பர்கள், அவன் ஆங்கிலேயரின் உளவாளி என்று பொய்ப்புகார் கொடுக்கிறார்கள். ஏழு வருஷம் சிறை. வெளியே வந்து ஒவ்வொருவராகத் தேடிக் கொல்கிறான், கடைசியில் அவனையும் ஒருவன் கொல்கிறான். பெஷே எழுதியது முழுக்க நடந்ததுதானா என்று ஆய்வாளர்கள் சந்தேகப்படுகிறார்கள். எப்படியோ, துமாவுக்கு எலும்புக்கூடு கிடைத்துவிட்டது.

துமா அதில் சேர்த்த முக்கியமான பொருள் புதையல் என்று நினைப்பவர்கள் உண்டு. எனக்கு அது, பொய்ப்புகாரில் சிறைக்குப் போகும் நாயகன் எட்மண்ட் தாந்தேயின் அப்பா. கைதான மகன் என்ன ஆனான், உயிரோடு இருக்கிறானா என்று எதுவும் தெரியாமல், அந்தக் கிழவர் சாப்பிடாமல் கிடந்து பட்டினியில் சாகிறார். பதினான்கு வருஷம் கழித்து சிறையிலிருந்து தப்பி வரும் மகன், மாறுவேடத்தில் போய் அப்பா எப்படிச் செத்தார் என்று விசாரித்துத் தெரிந்துகொள்கிறான். பெரிய புத்தகம், நூற்றுக்கும் மேற்பட்ட அத்தியாயங்கள். பந்தாக்கள், விருந்துகள், மாறுவேடங்கள், விஷம் என்று எங்கெங்கோ போகிறது. அந்தப் பட்டினி மட்டும் மறக்கப்படுவதில்லை.

மூன்று எதிரிகளில் கடைசியாக மாட்டுகிறவன் டாங்லார், வங்கி முதலாளி. அவனைக் கொள்ளைக்காரர்கள் ஒரு குகையில் அடைத்து வைக்கிறார்கள். பசிக்கிறது. சாப்பாடு கேட்கிறான். தருகிறோம், ஆனால் விலைக்கு. ஒரு கோழிக்கு ஒரு லட்சம் ஃபிராங்க். திருடிக்கொண்டு வந்த லட்சக்கணக்கான பணம் வேளைக்கு வேளை கரைகிறது. பணத்தை இழக்க மனமில்லாமல் பட்டினி கிடக்கிறான், தாங்க முடியாமல் மறுபடி வாங்குகிறான். அப்போது எதிரே வந்து நிற்கிறான் தாந்தே. உன்னால் பட்டினியில் செத்த கிழவரின் மகன் நான் என்கிறான். மன்னித்து விட்டுவிடுகிறான். அப்பாவின் வயிற்றில் இருந்த பசியை எடுத்து எதிரியின் வயிற்றில் வைத்துப் பார்த்துவிட்டு, அத்தோடு நிறுத்திக்கொள்கிறான். டாங்லார் ஓடையில் தண்ணீர் குடிக்கக் குனியும்போது தன் தலைமுடி வெளுத்திருப்பதைப் பார்க்கிறான். இவ்வளவு துல்லியமாகக் கணக்குத் தீர்த்த காட்சியை வேறு எந்தக் குற்றக் கதையிலும் நான் படித்ததில்லை.

அந்த நிறுத்தம் சும்மா வரவில்லை. அதற்கு முன்னால் ஒரு குழந்தை செத்திருக்கிறது. இன்னொரு எதிரி வில்ஃபோரின் குடும்பத்தைச் சிதைக்க தாந்தே பின்னிய வலையில், வில்ஃபோரின் மனைவி தானும் விஷம் குடித்து, சிறுவனான தன் மகன் எடுவாருக்கும் கொடுத்துவிடுகிறாள். தாந்தே அந்தப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்ப் பிழைக்கவைக்கப் பார்க்கிறான், முடியவில்லை. இதுவரை கடவுளின் கையாகத் தன்னை நினைத்துக்கொண்டிருந்தவனுக்கு முதல் தடவையாகச் சந்தேகம் வருகிறது. என்ன செய்கிறான் தெரியுமா? தான் அடைபட்டுக் கிடந்த தீவுச் சிறைக்கே திரும்பிப் போகிறான். அது இப்போது வேடிக்கை பார்க்கும் இடமாகிவிட்டது. ஒரு வழிகாட்டி, அவன் யாரென்று தெரியாமல், அவன் கதையையே அவனுக்குச் சொல்கிறான். கேட்டுக்கொண்டு நிற்கிறான். தான் ஏன் ஆரம்பித்தோம் என்பது அவனுக்கே மங்கிப்போயிருக்கிறது, அதைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. பழிவாங்குகிறவனே காரணத்தைத் தொலைத்துவிட்டுத் தேடிப் போகும் இந்த இடம்தான் நாவலின் உச்சம் என்பேன்.

‘ஒறுத்தார்க்கு ஒருநாளை இன்பம்’ என்கிறது குறள். வாசகன் காத்திருப்பதும் அந்த ஒருநாளுக்காகத்தான். மட்டமான பழி நாவல் அந்த நாளோடு முடிந்துவிடும். நல்ல நாவலுக்கு மறுநாள் என்று ஒன்று உண்டு.

நிக்கோலஸ் பிளேக் 1938இல் எழுதிய ‘தி பீஸ்ட் மஸ்ட் டை’ அந்த மறுநாளை நன்றாகத் தெரிந்த நாவல். பிளேக் என்பது புனைபெயர். செசில் டே-லூயிஸ் என்ற கவிஞர் அவர், பின்னாளில் 1968இல் பிரிட்டனின் அரசவைக் கவிஞரானவர். நாவல் ஒரு நாட்குறிப்பாகத் தொடங்குகிறது. ஒருவனைக் கொல்லப்போகிறேன், அவன் பெயர் தெரியாது, எங்கே இருக்கிறான் தெரியாது, எப்படி இருப்பான் என்றும் தெரியாது என்று முதல் வரிகளிலேயே எழுதுகிறார் ஃபிராங்க் கெய்ர்ன்ஸ். துப்பறியும் கதை எழுதிப் பிழைப்பவர். அவருடைய சின்ன மகன் மார்ட்டி, மிட்டாய் வாங்கக் கிராமத்துக் கடைக்குப் போனவன், கார் மோதிச் செத்துப்போகிறான். மோதியவன் நிறுத்தாமல் போய்விட்டான். போலீஸுக்கு ஒன்றும் பிடிபடவில்லை.

இந்த அப்பா என்ன செய்கிறார் என்றால், தன் கதைகளில் துப்பறிகிறவன் யோசிப்பதுபோலவே யோசிக்கிறார். கார் சேதமாகியிருக்கும், அதை அவன் எங்கே, எப்படி மறைத்திருப்பான்? இழை இழையாகப் பிடித்துப் போய், காரில் கூட இருந்த நடிகையைக் கண்டுபிடித்து, அவளைக் காதலிப்பதுபோல் நடித்து, ஜார்ஜ் ராட்டரி என்பவனின் வீட்டுக்குள் விருந்தாளியாகவே நுழைந்துவிடுகிறார். நுழைந்த பிறகு அவர் எதிர்பார்க்காத ஒன்று அங்கே இருக்கிறது: ஃபில். ராட்டரியின் மகன், சிறுவன், அப்பனின் கொடுமையில் ஒடுங்கிக் கிடப்பவன். கெய்ர்ன்ஸுக்கு அந்தப் பையனைப் பிடித்துப்போகிறது. பையனுக்கும் அவரைப் பிடித்துப்போகிறது.

பிளேக் இங்கே செய்வது எளிய காரியமாகத் தெரியும், ஆனால் ரொம்பக் கடினம். மார்ட்டி எப்படிப்பட்ட பிள்ளை, இருந்திருந்தால் அப்பாவோடு எப்படி இருந்திருப்பான் என்பதை நினைவுக் காட்சிகளாக எழுதித் தள்ளாமல், ஃபில்லை அவர் பக்கத்தில் உட்காரவைத்துவிடுகிறார். இந்தப் பையனோடு அவர் பேசும்போதெல்லாம் இல்லாத பையன் கண்ணுக்குத் தெரிகிறான். கூடவே ஒரு கேள்வியும்: ஒரு பிள்ளைக்காக இன்னொரு பிள்ளையின் அப்பாவைக் கொல்வதா, அந்த அப்பா எவ்வளவு கேடுகெட்டவனாக இருந்தாலும்? அதற்குப் பிறகு நடப்பதை மட்டும் சொல்ல மாட்டேன். நாவலின் இரண்டாம் பாதி தரும் அதிர்ச்சியைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை.

அகதா கிறிஸ்டியின் ‘மர்டர் ஆன் தி ஓரியன்ட் எக்ஸ்பிரஸ்’ இதற்கு நேர் எதிரான வழியில் போகிறது. 1932 மார்ச் 1ஆம் தேதி, விமானி சார்லஸ் லிண்ட்பெர்க்கின் கைக்குழந்தை வீட்டிலிருந்து கடத்தப்பட்டது. பணயத்தொகை கொடுக்கப்பட்டது. மே மாதம் குழந்தையின் உடல்தான் கிடைத்தது. போலீஸ் விசாரணைக்கு ஆளான பணிப்பெண் ஒருத்தி தற்கொலை செய்துகொண்டாள். கிறிஸ்டியின் நாவல் 1934 ஜனவரியில் வெளியானது. அந்த வழக்கில் புருனோ ஹாப்ட்மன் கைதானது அதே வருஷம் செப்டம்பரில். அதாவது அவர் எழுதும்போது குற்றவாளி யாரென்று உலகத்துக்கே தெரியாது. பத்திரிகை படித்தவர்கள் எல்லோருடைய மனதிலும் அந்தக் குழந்தை ஆறாமல் கிடந்த நேரத்தில், கடத்தினவன் ரயிலில் கத்திக்குத்துப் பட்டுச் செத்துக் கிடக்கிறான் என்று ஒரு நாவல் வருகிறது. அந்த நாளைய வாசகர்கள் அதை எப்படிப் படித்திருப்பார்கள் என்று நினைத்துப் பார்க்கிறேன்.

நாவலில் அந்தக் குழந்தை டெய்சி ஆம்ஸ்ட்ராங். அவளைப் பற்றி நமக்குக் கிட்டத்தட்ட ஒன்றுமே தெரியாது. எப்படிச் சிரிப்பாள், எதற்கு அழுவாள், எதுவும் இல்லை. அவளை இழந்தவர்களைத்தான் காட்டுகிறார் கிறிஸ்டி. சமையல்காரி, செவிலி, ஓட்டுநர், பாட்டி, தற்கொலை செய்துகொண்ட பணிப்பெண்ணின் அப்பா. பிணத்தில் பன்னிரண்டு காயங்கள். சில ஆழமாக இறங்கியிருக்கின்றன, சில வெறும் கீறல். ஒன்றிரண்டு இடது கையால் குத்தியவை போல இருக்கின்றன. முதல் வாசிப்பில் அதெல்லாம் புதிர். விடை தெரிந்தபின் மறுபடி படித்தால் ஒவ்வொரு காயமும் ஒரு ஆள். கீறலாக நின்றுபோன குத்துக்குப் பின்னால் கை நடுங்கிய யாரோ இருந்திருக்க வேண்டும். கொலை செய்யத் தெரியாதவர்கள், ஒரு குழந்தைக்காக வரிசையில் வந்து குத்திவிட்டுப் போயிருக்கிறார்கள். டெய்சி எவ்வளவு நேசிக்கப்பட்டாள் என்பதை மருத்துவரின் காய விவரத்திலேயே எழுதிவைத்திருக்கிறார் கிறிஸ்டி. அவருடைய கதைகளில் மனிதர்கள் சதுரங்கக் காய்கள்தான் என்று குறை சொல்பவர்களிடம் நான் இந்த இடத்தைத்தான் காட்டுவேன்.

முடிவில் துப்பறிவாளர் பொய்ரோ இரண்டு விடைகள் சொல்கிறார். வெளியிலிருந்து வந்த யாரோ கொன்றுவிட்டு இறங்கிப் போனான் என்பது ஒன்று, உண்மை இன்னொன்று. முதலாவதைப் போலீஸுக்குக் கொடுக்கலாம் என்று ரயில் நிறுவன இயக்குநர் முடிவு செய்கிறார். துப்பறியும் கதை என்ற வடிவமே எந்தக் கொலையும் கண்டுபிடிக்கப்படாமல் போகக்கூடாது என்ற நம்பிக்கையில் நிற்பது. அதுவே பழிவாங்குகிறவர் முன்னால் வரும்போது மட்டும் இளகிவிடுகிறது. ஹோம்ஸும் இதைச் செய்திருக்கிறார். 1904இல் வந்த மில்வர்ட்டன் கதையில், திரைக்குப் பின்னால் ஒளிந்து நின்றபடி, ஒரு பெண் அந்த மிரட்டல் பேர்வழியைச் சுட்டுத் தள்ளுவதை நேரில் பார்க்கிறார். மறுநாள் போலீஸ் உதவி கேட்டு வரும்போது மறுத்துவிடுகிறார். 1910இல் வந்த ‘பிசாசின் பாதம்’ கதையில், காதலித்த பெண்ணின் சாவுக்குப் பழிவாங்கிய சிங்க வேட்டைக்காரனை, மீதி வேலையை முடி என்று ஆப்பிரிக்காவுக்கே அனுப்பிவைக்கிறார். ஜெபர்சன் ஹோப் விஷயத்தில் ஆசிரியரே வேறு வழி கண்டுபிடித்தார்: நீதிமன்றத்துக்குப் போகும் முன்னாலேயே அவன் ரத்தக்குழாய் வெடித்துச் செத்துப்போகிறான். யாரும் தீர்ப்பு எழுத வேண்டியதில்லை.

இந்த இளக்கம் எனக்குப் புரிகிறது, பல தடவை அதற்கு இணங்கியும் இருக்கிறேன். ஆனால் அது எப்போதும் நமக்கு வசதியான இடத்தில்தான் நடக்கிறது. கொல்லப்பட்டவன் சந்தேகத்துக்கு இடமில்லாத அயோக்கியன், கொன்றவர் மற்றபடி நல்லவர். இந்த இரண்டில் ஒன்று அசைந்தால் என்ன ஆகும்?

அதை அசைத்துப் பார்த்தவர் கார்னெல் வூல்ரிச். 1940இல் வந்த ‘தி பிரைட் வோர் பிளாக்’ நாவலில், மணமாகித் தேவாலயப் படியில் இறங்கும்போதே கணவனைப் பறிகொடுத்த பெண், அதற்குக் காரணமானவர்கள் என்று தான் நம்பும் ஆண்களை ஒருவர் பின் ஒருவராகக் கொல்கிறாள். கடைசியில் தெரியவருவது, அவர்களுக்கும் அந்தச் சாவுக்கும் சம்பந்தமே இல்லை. போலீஸும் நீதிமன்றமும் ஆள் மாறித் தண்டித்தால் கொதிக்கிற நாம், இத்தனை நேரம் அவளோடு சேர்ந்து அதையேதான் செய்துகொண்டிருந்தோம்.

1948இல் வந்த ‘ராண்டேவூ இன் பிளாக்’ இன்னும் கொடியது. ஜானி மார் என்ற இளைஞனும் அவன் காதலி டோரத்தியும் தினமும் இரவு எட்டு மணிக்கு ஒரு மருந்துக்கடை வாசலில் சந்திப்பார்கள். ஒரு மே 31, அவளுக்கு மேலே தாழப் பறந்த சிறிய வாடகை விமானத்திலிருந்து யாரோ குடித்துவிட்டு வீசிய காலி பாட்டில் விழுந்து அவள் சாகிறாள். ஜானி அதன் பிறகும் அதே இடத்தில் எட்டு மணிக்கு வந்து நிற்கிறான். விமானத்தில் இருந்தவர்களின் பெயர்கள் கிடைத்ததும் வேலையை ஆரம்பிக்கிறான். அவர்களை அவன் கொல்வதில்லை. ஒவ்வொருவரும் உயிராய் நினைக்கும் பெண்ணைத் தேடி, மே 31 அன்று கொல்கிறான். தனக்கு வலித்தது அவர்களுக்கும் வலிக்க வேண்டும்.

வூல்ரிச்சை நான் மற்றவர்களுக்கு மேலே வைப்பதற்குக் காரணம், அந்தப் பெண்கள் ஒவ்வொருவருக்கும் அவர் ஒரு வாழ்க்கை கொடுத்திருக்கிறார். அத்தியாயம் அத்தியாயமாக அவர்கள் ஆசை, பயம், குடும்பம் எல்லாம் நமக்குத் தெரியவருகிறது. டோரத்திக்காக அழுத நாம், ஜானி நெருங்கி வரும்போது அவன் கையில் அகப்படாமல் இவள் தப்பிக்க வேண்டுமே என்று பக்கத்தைப் புரட்டுகிறோம். பழி வாங்கும் கையாலும் டோரத்திகள் உண்டாகிறார்கள். மற்ற நாவல்கள் இதை உபதேசமாகச் சொல்லும். வூல்ரிச் அந்தப் பெண்களோடு நம்மைக் குடியிருக்க வைத்துவிடுகிறார்.

தமிழில் இந்தக் கணக்கு ரொம்பப் பழையது. சிலப்பதிகாரத்தில் இருப்பதும் ஒரு குற்றக் கதைதான்: திருடியவன் அரண்மனைப் பொற்கொல்லன், மாட்டிக்கொண்டவன் கோவலன், விசாரிக்காமல் தீர்ப்பு, தடயப் பொருள் ஒரு சிலம்பு. உள்ளே இருப்பது மாணிக்கமா முத்தா என்று சபையில் உடைத்துக் காட்டி நிரூபிக்கிறாள் கண்ணகி. கோவலன் எப்படிப்பட்டவன், என்ன தப்பு செய்தான், எப்படித் திரும்பி வந்தான் என்று பாதிக் காப்பியம் பேசியபிறகுதான் மதுரை எரிகிறது. அதற்கும் அப்புறம் நடந்ததை, காப்பியத்தின் முகப்பிலுள்ள உரைபெறு கட்டுரை ஒரு வரியில் சொல்கிறது. அந்தப் பத்தினியின் கோபம் தணிய, பாண்டியன் வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான். செய்தவன் ஒருவன், செத்தது ஆயிரம் பேர், ஒருவருக்கும் பெயரில்லை. காப்பியத்தில் என்னை அதிகம் தொந்தரவு செய்வது தீ அல்ல, அந்த ஒரு வரி.

இந்தக் காலத்து நாவல்களில் பழியை மிகக் கூர்மையாகக் கையாள்வது ஜப்பானியர்கள் என்று நினைக்கிறேன். கனாயே மினாட்டோவின் ‘கன்ஃபெஷன்ஸ்’ 2008இல் வந்தது. மறுவருஷம் ஜப்பானியப் புத்தகக்கடை ஊழியர்கள் வாக்களித்துத் தரும் விருதைப் பெற்றது. முதல் அத்தியாயம் முழுக்க ஒரு ஆசிரியை, வேலையைவிட்டு நிற்கும் நாளில், வகுப்பில் பேசும் பேச்சு. மொரிகுச்சி என்பது அவர் பெயர். பிள்ளைகள் பால் குடித்து முடித்திருக்கிறார்கள். அவர் நிதானமாக, குரல் உயராமல், தன் நான்கு வயது மகள் மனாமி பள்ளி நீச்சல் குளத்தில் செத்துக் கிடந்தது விபத்து இல்லை என்கிறார். செய்த இருவரும் இந்த வகுப்பில்தான் இருக்கிறார்கள், அவர்களுக்கு வயது பதின்மூன்றுதான்; பதினான்கு வயதுக்குக் கீழே குற்றப் பொறுப்பு இல்லை என்பது சட்டம், ஆகவே போலீஸிடம் போகவில்லை, அவர்கள் குடித்த பாலில் எச்.ஐ.வி. தொற்றுள்ளவரின் ரத்தத்தைக் கலந்திருக்கிறேன் என்கிறார்.

அந்தப் பேச்சில் ஒரு முயல் பை வருகிறது. பஞ்சுபோன்ற முயல் தலை வைத்த சின்னப் பணப்பை. கடையில் அதைப் பார்த்து மனாமி கேட்கிறாள், அம்மா வாங்கித் தர மறுக்கிறார். எல்லா வீட்டிலும் நடக்கிற விஷயம், கேட்டதையெல்லாம் வாங்கித் தரக்கூடாது என்று நினைக்கிற அம்மா. அதைத் தற்செயலாகப் பார்த்த மாணவன் இன்னொருவனிடம் சொல்கிறான். அவன் அந்தப் பையில் மின்சாரம் பாய்ச்சும் கருவியைப் பொருத்தி, அம்மா கொடுத்தனுப்பினார்கள் என்று சொல்லிக் குழந்தையிடம் நீட்டுகிறான். நாவலில் எத்தனையோ பயங்கரம் வருகிறது. என்னால் தாண்டிப் போக முடியாதது இந்தப் பைதான். அன்றைக்கு வாங்கிக் கொடுத்திருந்தால் என்று அந்த அம்மா எத்தனை இரவு நினைத்திருப்பார் என்பதை மினாட்டோ எழுதவே இல்லை. பையை மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

அடுத்த அத்தியாயங்கள் வேறு வேறு ஆட்களின் குரலில் வருகின்றன: வகுப்புத் தோழி, ஒரு குற்றவாளியின் அம்மா, குற்றவாளிகள். எல்லோரும் தங்களைப் பற்றிப் பேசுகிறார்கள். தான் ஏன் இப்படியானேன், தன் அம்மா தன்னை எப்படி விட்டுப்போனாள், தனக்கு எவ்வளவு கஷ்டம். பக்கம் ஆக ஆக மனாமி தேய்ந்து காணாமல் போகிறாள். கடைசி அத்தியாயத்தில் மொரிகுச்சி மறுபடி பேசும்போது அவர் பேச்சிலும் குழந்தையைவிடக் குற்றவாளிதான் அதிகம் இருக்கிறான். மினாட்டோ இதைத் தெரிந்தே செய்திருக்கிறார் என்று நம்புகிறேன். தாந்தே தீவுச் சிறைக்குத் திரும்பிப் போய்த் தன் காரணத்தை மீட்டுக்கொண்டான். இந்த அம்மாவுக்குத் திரும்பிப் போக அப்படி ஓர் இடம் இல்லை. செத்தவரை நாவல் எவ்வளவு தூரம் நினைவில் வைத்திருக்கிறது என்று நான் தேடுவதாகச் சொன்னேன். மறதியையே கதையாக்கிய நாவலும் இருக்கிறது என்று காட்டியது இந்தப் புத்தகம்.

கெய்கோ ஹிகாஷினோ 2004இல் எழுதிய ‘தி ஹவரிங் பிளேட்’ இதே சட்டச் சிக்கலை எடுத்துக்கொள்கிறது. மகளைக் கொன்ற பையன்களைத் தேடிக் கிளம்பும் அப்பா, அவர்களைப் பிடிக்க வேண்டிய போலீஸ். ஒருவனை அப்பா கொன்றுவிட்ட பிறகு, மிச்சமிருப்பவனை அப்பாவிடமிருந்து காப்பாற்ற வேண்டிய வேலையும் போலீஸ் தலையில் விழுகிறது. அந்த அதிகாரிகளின் மனக்கலக்கம் நன்றாக வந்திருக்கிறது. மகளைத்தான் போதுமான அளவு பார்க்க முடியவில்லை.

நான் பொறுமையிழக்கும் வகை ஒன்று உண்டு. முதல் அத்தியாயத்தில் மனைவியோ மகளோ கொல்லப்படுவார். அவருக்கு ஒரு பெயர், ஒரு புன்னகை, அதற்குமேல் எதுவும் இருக்காது. மிச்சம் முந்நூறு பக்கம் துப்பாக்கி வெடிக்கும். அவர் என்ன வேலை பார்த்தார், யாரோடு சண்டை போட்டார், எந்த விஷயத்தில் பிடிவாதக்காரர் என்று ஒரு வரி இருக்காது. கதாநாயகனுக்குக் கோபம் வரவேண்டும் என்பதற்காகவே ஒரு பெண்ணைப் படைத்துக் கொன்றிருக்கிறார்கள். கொன்றவன் நாவலுக்குள் இருக்கும் வில்லன் மட்டுமில்லை, எழுதியவரும்தான் என்று எனக்குத் தோன்றும். இதை நான் கோபமாகவே சொல்கிறேன்.

இந்த வகையைப் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் பிளேக்கில் தொடங்குவது நல்லது, சின்னப் புத்தகம், வேகமாகப் போகும். அடுத்து கிறிஸ்டி, முடிவு முன்பே தெரிந்திருந்தாலும் பரவாயில்லை, அந்தக் காயங்களுக்காகப் படிக்கலாம். மினாட்டோவை மனம் தெம்பாக இருக்கும்போது எடுங்கள். துமாவைச் சுருக்கப் பதிப்பில் படிக்காதீர்கள். சுருக்குகிறவர்கள் சாகசத்தை வைத்துக்கொண்டு மற்றதை வெட்டுவார்கள். வாங்குவதற்கு முன்னால் கிழவர் பட்டினி கிடந்த பக்கங்களும், தாந்தே சிறைக்குத் திரும்பிப் போகும் அத்தியாயமும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு பதிப்பு தேடுங்கள்.